லயத்து அடுப்பில் கண்ட சுவை

ஊர் காணப் புறப்படுவோர் பெரும்பாலும் கண்ணை மட்டுமே உடன் கொண்டு போகின்றனர். மலையைக் காண்கின்றனர், அருவியைக் காண்கின்றனர், பூந்தோட்டத்தில் நின்று படம் பிடித்துக்கொள்கின்றனர். மீண்டு வந்து, 'நன்றாக இருந்தது' என்கின்றனர். ஆனால் அந்த ஊரில் வாழும் மக்கள் காலையில் எதை உண்டுவிட்டு வேலைக்குப் போகின்றனர் என்று கேட்டால் அவர்களிடம் விடை இராது. நெடுங்காலம் ஆசிரியத் தொழில் பார்த்த எனக்கும் அந்த விடை தெரிந்திருக்கவில்லை. தெரியவில்லை என்பதைக் கூட, ஒரு சிறுமி கேட்ட பின்னரே உணர்ந்தேன்.

2018 ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் என் தம்பி தன் மனைவி மக்களுடன் இத்தாலியிலிருந்து வந்திருந்தான். சிசிலித் தீவின் தலைநகரான பலேர்மோவில் இலங்கைத் தமிழர் பலர் பல்லாண்டுகளாக வாழ்ந்து வருகின்றனர். தம்பியும் அவர்களுள் ஒருவன். யாழ்ப்பாணத்தில் உறவினர் வீடுகளெல்லாம் ஏறி இறங்கிய பின், "பிள்ளைகளுக்கு மலைநாட்டைக் காட்டவேண்டும், அண்ணா" என்றான். இரண்டு குடும்பங்களுமாக ஒன்பது பேர் கொழும்புக் கோட்டையில் காலைப் புகையிரதம் ஏறினோம்.

அந்த இருப்புப்பாதையைப் பற்றி எழுதாத பயணி இல்லை. 1884 இல் அட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் அடைந்த பாதை அது. தேயிலைப் பெட்டிகளைத் துறைமுகத்துக்கு இறக்குவதும், அரிசி மூட்டைகளை மலைக்கு ஏற்றுவதும் அதன் பெருந்தொழில்களாக இருந்தன. நாவலப்பிட்டி தாண்டியதும் வண்டி மூச்சு வாங்கி ஏறத் தொடங்கியது. வட்டவளையில் மேகம் சன்னலுக்குள் புகுந்தது. பச்சைச் சரிவுகளின் நடுவே தகரக் கூரையிட்ட நீண்ட கட்டடங்கள் தென்பட்டன. "அவை என்ன, பெரியப்பா? குதிரை லாயங்களா?" என்று தம்பியின் மூத்த மகள் கேட்டாள். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. "மனிதர் வாழும் லயங்கள்" என்றேன். லாயத்துக்கும் லயத்துக்கும் ஓர் எழுத்தளவே வேற்றுமை இருப்பதை அன்றுதான் கவனித்தேன்.

நுவரெலியாவில் ஒரு கேள்வி

நுவரெலியாவில் இரண்டு இரவுகள் தங்கினோம். கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேல் அமைந்த அந்த ஊரை ஆங்கிலேயர் தம் நாட்டின் சாயலாகவே வளர்த்தனர். பிற்காலத்தில் நைல் நதியின் ஊற்றைத் தேடிச் சென்று புகழ் பெற்ற சாமுவேல் பேக்கர், 1848 இல் அங்கே ஒரு குடியேற்றத்தைத் தொடங்கி, ஆங்கில நாட்டு ஆடுமாடுகளையும் உழவுக் கருவிகளையும் தொழிலாளரையும் கப்பலேற்றிக் கொணர்ந்தார். குளிர் நாட்டு மரக்கறிகள் அம்மண்ணில் வேர் கொண்டன. இன்று இலங்கை மக்கள் 'மலைநாட்டு மரக்கறி' என்று வாங்கி உண்ணும் கரட்டும் லீக்ஸும் கோவாவும் பீட்றூட்டும் அவ்வாறு அந்நியராய் வந்து உரிமை பெற்றவையே.

நாங்கள் தங்கிய விடுதியில் காலை உணவுக்கு வறுத்த பாணும் வெண்ணெயும் பழப்பாகும் முட்டைப் பொரியலும் வைத்தனர். கிண்ணத்தில் ஸ்ட்ரோபெரிப் பழங்களும் இருந்தன. குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அந்தப் பிள்ளை தட்டைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் பலேர்மோவிலும் கிடைக்கும். இந்த ஊர்ச் சாப்பாடு எது, பெரியப்பா?" என்று கேட்டாள்.

அது அவர்கள் வீட்டு வழக்கமாம். கோடை விடுமுறையில் இத்தாலிக்குள்ளேயே ஏதாவது ஓர் ஊருக்குப் போவார்கள். போன இடத்தில் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். அங்கே ஒவ்வோர் ஊருக்கும் தனக்கென ஒரு பண்டம் உண்டு. பலேர்மோவின் தெருக்களில் கடலைமாவைக் களியாகக் கிண்டி, மெல்லிய துண்டுகளாக்கி, எண்ணெயில் பொரித்துப் பாணுக்குள் வைத்துக் கொடுப்பார்கள். 'பனெல்லே' என்று பெயர். ஏழைகளின் பண்டமாக இருந்தது, இப்போது அயலூரார் தேடி வந்து உண்பது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த பிள்ளை நுவரெலியாவிலும் அதையே கேட்டாள்.

எனக்கு விடை தெரியவில்லை. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்பதை எத்தனையோ வகுப்புகளில் படிப்பித்திருக்கிறேன். ஏறத்தாழ நான்கரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்கும் என்பதும் தெரியும். அந்தக் கொழுந்தைப் பறிக்கும் பெண் பறிக்கப் போகுமுன் என்ன உண்கிறாள் என்பது நான் படித்த புத்தகத்திலும் இல்லை; படிப்பித்த புத்தகத்திலும் இல்லை.

"நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போவோம். அங்கே கேட்போம்" என்று மட்டும் சொன்னேன்.

பனியில் எரிந்த அடுப்பு

என்னோடு முன்பு ஒரே பாடசாலையில் பணியாற்றிய நண்பர் ஒருவர் அட்டனை அடுத்த தோட்டமொன்றில் பிறந்தவர். லயத்துக் காம்பராவில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்து ஆசிரியரானவர். விடுமுறைக்குத் தாயாரிடம் வந்திருந்தார். "ஒன்பது பேர் வருகிறோம், தொல்லை வேண்டாம், தேநீர் மட்டும் போதும்" என்று தொலைபேசியில் சொன்னபோது அவர் சிரித்தார். "எங்கள் வீட்டுக்கு வந்தவர் வெறும் வயிற்றோடு போனால் அம்மா என்னை உள்ளே விடமாட்டார், மாஸ்டர்" என்றார்.

மறுநாள் விடியுமுன்னே வாடகை வானில் புறப்பட்டு ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆகஸ்ட் மாதம் அப்பகுதியில் தென்மேற்கு மழைக் காலம். எதிரே இருக்கவேண்டிய மலை பனிமூட்டத்தில் மறைந்திருந்தது. பீலியடியில் பெண்கள் குடங்களோடு நின்றனர். லயத்தின் முன்புறம் இஸ்தோப்பு. அதையடுத்து ஒரு காம்பரா. அதற்குப் பின்னால் குசினி. அவ்வளவே வீடு. நண்பரின் தாயார் வாசலுக்கு வந்து, "வாங்க தம்பி, வாங்கம்மா, குளிர்ல நிக்காதீங்க" என்று எங்களை நேரே அடுப்பங்கரைக்கே அழைத்துப் போனார். அந்தக் குளிரில் அதைவிட மதிப்பான ஆசனம் வேறில்லை.

அடுப்பில் எரிந்தது மிலாறு. தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும்போது விழும் குச்சிகளுக்கு அங்கே அதுதான் பெயர். கொழுந்தெல்லாம் கடல் கடந்து போக, குச்சி மட்டும் பறித்தவர் வீட்டு அடுப்புக்கு வருகிறது. அகன்ற பாத்திரத்தில் கோதுமை மாவைக் கொட்டி, துருவிய தேங்காயும் உப்பும் நறுக்கிய வெங்காயமும் சேர்த்து, இளஞ்சூட்டு நீர் தெளித்துப் பிசைந்தார் அம்மையார். பிசைந்ததைத் துணியால் மூடிச் சிறிது நேரம் வைத்தார். பின் உருண்டை பிடித்து, தட்டைக் கவிழ்த்து அதன் முதுகில் வைத்து உள்ளங்கையால் தட்டினார். விரல்கள் சுழலச் சுழல உருண்டை வட்டமாயிற்று. இரும்புக் கல்லில் இட்டதும் தேங்காய் கருகும் மணம் காம்பரா முழுவதும் பரவியது.

அதற்குள் நண்பரின் மனைவி அம்மியில் செத்தல் மிளகாயையும் உப்பையும் சின்ன வெங்காயத்தையும் வைத்து அரைத்து, தேங்காய்ப்பூவைச் சேர்த்து ஒட்டி எடுத்து, தேசிக்காய் பிழிந்தார். இன்னொரு கிண்ணத்தில் தேங்காய் சேராத கட்டைச் சம்பல். பக்கத்தில் கொதித்த வெறுந்தேத்தண்ணீர்; பால் இல்லை. அதை ஊற்றிக் கொடுத்து, ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் சிறிது சீனி வைத்தார். சீனியை நாவில் தொட்டு, ஒரு மிடறு தேத்தண்ணீர் குடிக்கவேண்டும்.

வாசகர்களே, நான் உண்ட சிறந்த காலை உணவுகளை எண்ணினால் அது முதலிடத்தில் நிற்கும். ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு மெத்தென்றும் இருந்த அந்த ரொட்டியைப் பிய்த்து, சிவந்த சம்பலைத் தொட்டு வாயிலிட்டு, காரம் ஏறும் வேளையில் சூடான தேத்தண்ணீரைப் பருகியபோது குளிர் என்பதே மறந்துபோயிற்று. பிள்ளைகள் மூன்று நான்கு என்று கேட்டு வாங்கி உண்டனர். தம்பியின் மகள் கையில் ரொட்டியோடு எழுந்து நின்று, "பெரியப்பா, இதுதான் இந்த ஊர்ச் சாப்பாடு! கண்டுபிடித்துவிட்டோம்!" என்று கூவினாள். "ஆச்சி, இவ்வளவு ருசியான சாப்பாட்டை நீங்கள் ஒவ்வொரு நாளும் சாப்பிடுகிறீர்களா? நீங்கள் கொடுத்துவைத்தவர்!"

அம்மையார் கல்லிலிருந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "ஒரு நாளைக்குத் தின்னா ருசிதான் தாயி. எனக்குக் காலையிலயும் ரொட்டி, மலைக்குக் கட்டிக்கிட்டுப் போறதும் ரொட்டி, சில நாள் ராவைக்கும் ரொட்டி. நாப்பது வருஷம் தின்னிருக்கேன். அப்புறம் ருசி எங்க தெரியும், கை மட்டுந்தான் சுடும்."

யாரும் பேசவில்லை. பிள்ளை மெல்ல உட்கார்ந்தாள். "அப்படியென்றால் உங்களுக்கு என்ன விருப்பம், ஆச்சி?" என்று சற்றுக் கழித்துக் கேட்டாள். "சோறுதான். மத்தியானத்துல சுடச்சுடச் சோறு. மலையில நிக்கிறவளுக்கு அது எங்க கெடைக்கும்?" என்றார் அவர்.

ஒரு ரொட்டியின் வரலாறு

ரொட்டி அம்மக்களின் பழைய உணவன்று. அவர்களுடைய முன்னோர் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை முதலிய இடங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மாத்தளை சேர்ந்தவர்கள். அவர்களுள் மிகப் பலர் வழியிலேயே மடிந்தனர். அந்த வருகையின் 200 ஆம் ஆண்டை நினைவுகூர்ந்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து சென்றதை நாம் அறிவோம். வந்தவர்கள் சோறும் கூழும் உண்டு வளர்ந்தவர்கள். கோப்பிக் காலத்திலும் அதன் பின் வந்த தேயிலைக் காலத்திலும், அயல்நாட்டிலிருந்து இறக்கிய அரிசியைத் தோட்டமே வழங்கி, அதன் விலையைக் கூலியில் கழித்துக்கொண்டது. மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால், கைக்கு வரும் காசைவிட வயிற்றுக்குப் போன அரிசியே மிகுதியாக இருக்கும்.

1942 இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போயிற்று. அந்நாட்டு அரிசியை நம்பியிருந்த இலங்கையில் பங்கீடு வந்தது. அரிசி குறைந்த இடத்தைக் கோதுமை மா நிரப்பியது. போர் முடிந்தது, மா போகவில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய் நிற்கவேண்டிய குடும்பத்துக்கு அது வசதியாகவும் இருந்தது. சோற்றுக்குக் கறி வேண்டும். ரொட்டிக்கு ஒரு மிளகாயும் உப்பும் போதும். சோறு மலையில் ஆறிப்போகும். ரொட்டி ஆறினாலும் மடியில் கட்டிக்கொண்டு போகலாம். 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டப்புறம் பசியால் வாடியது, இறப்பு அதிகரித்தது. அந்நாட்களில் ரொட்டி கிடைத்ததே பெரும் பேறு என்று நண்பரின் தாயார் கூறினார். 1980 இல் திருகோணமலையில் மாபெரும் மா ஆலை இயங்கத் தொடங்கிய பின் கோதுமை மா இந்நாட்டின் எல்லா வீடுகளிலும் நிலைபெற்றது. ஆனால் மற்ற வீடுகளில் அது பல உணவுகளில் ஒன்று. லயத்திலோ வேளைதோறும் அதுவே உணவு.

கூலியும் குடியுரிமையும் இக்கதைக்குப் புறம்பானவை அல்ல. 1948 இன் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 இன் ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கை போட்டுப் பங்கிட்டது. 2003 இல்தான் எஞ்சியோருக்கும் குடியுரிமை தரும் சட்டம் நிறைவேறிற்று. நாளொன்றுக்கு 1000 ரூபாய்க் கூலி என்னும் கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2021 இல் அரசிதழில் ஏறியது. தனக்கெனக் காணி இல்லாதவன் எதைப் பயிரிடுவது என்று தானே முடிவு செய்ய இயலாது; எதை உண்பது என்பதையும் அவனுக்காக வேறொருவரே முடிவு செய்கின்றனர்.

இத்தாலியின் களி

அம்மையாரின் சொற்களைக் கேட்ட பின் தம்பி நெடுநேரம் மௌனமாயிருந்தான். பின்னர் இஸ்தோப்பில் உட்கார்ந்து எங்களுக்கு ஒரு செய்தி சொன்னான். இத்தாலியின் வட பகுதியில் மக்காச்சோள மாவைக் கிண்டிச் செய்யும் களிக்குப் 'பொலென்தா' என்று பெயர். இன்று பெரிய விடுதிகளில் அதை அழகிய தட்டில் வைத்து, பாலாடைக் கட்டியும் காளானும் சேர்த்து, நல்ல விலைக்குப் பரிமாறுகின்றனர். தம்பியும் தன் மக்களுடன் வடக்கே போனபோது அதை உண்டு மகிழ்ந்திருக்கிறான். ஆனால் அவன் வேலை செய்த இடத்தில் வடநாட்டுக் கிழவர் ஒருவர் இருந்தாராம். பொலென்தா என்ற பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். இளமையில் அதைத் தவிர வேறெதையும் அவர் கண்டதில்லை.

வீடு திரும்பியதும் அதைப் பற்றிப் படித்தேன். ஜெர்மனியக் கவிஞர் கெதே 1786 இல் பிரென்னர்க் கணவாயைக் கடந்து இத்தாலிக்குள் நுழைந்தார். அந்நாட்டுக் கலைச் செல்வங்களைக் காணப் போனவர் அவர். ஆயினும் வழியிலிருந்த உழவர் பெண்களின் முகங்களும் குழந்தைகளின் முகங்களும் நோயுற்று வாடியிருப்பதைக் கண்டு வருந்தி, மக்காச்சோளக் களியையே பெரிதும் உண்டு வாழ்வதுதான் அதற்குக் காரணமாயிருக்கும் என்று தம் பயணக் குறிப்பில் எழுதினார். கவிஞரின் ஊகம் பெரிதும் உண்மைக்கு நெருங்கியதே. சோளத்தை மட்டும் நம்பி வாழ்ந்த ஏழைகளைப் 'பெல்லாக்ரா' என்னும் நோய் பற்றியிருந்தது. தோல் வெடிக்கும், வயிறு கெடும், அறிவு தடுமாறும், இறுதியில் உயிர் போகும். வட இத்தாலியில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் அது மக்களை வாட்டியது. அது தொற்றுநோயன்று, உணவுக் குறையே என்பதை 1914 முதல் அமெரிக்காவில் ஆராய்ந்து நிறுவியவர் ஜோசப் கோல்ட்பர்கர் என்னும் மருத்துவர். குறைந்திருந்த சத்து எதுவென்பது 1937 இல்தான் தெளிவாயிற்று.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. மக்காச்சோளத்தின் தாயகமான மெக்சிகோவில் மக்கள் அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்தே உண்டனர். அதனால் அந்நோய் அவர்களை அண்டவில்லை. ஐரோப்பியர் தானியத்தைக் கப்பலில் ஏற்றினர். அதைப் பக்குவப்படுத்தும் அடுக்களை அறிவை ஏற்ற மறந்தனர். மறந்ததற்கு உரிய விலையைக் கொடுத்தவர்களோ, கப்பலைக் கண்டே இராத உழவர்கள்.

பொலென்தாவும் ரொட்டியும் உடன்பிறந்தவை. இரண்டும் இல்லாமையில் பிறந்தவை. இரண்டையும் சுவையாக்கியது பெண்களின் கை. ஆனால் இத்தாலிய உழவனின் பேரன் இன்று விரும்பினால் பொலென்தா உண்கிறான், விரும்பாவிட்டால் வேறு உண்கிறான். வேண்டாமென்று தள்ளவும் உரிமை இருக்கும்போதுதான் ஓர் உணவு முழுச் சுவை பெறுகிறது. அந்த உரிமை லயத்துக்கு வந்துவிட்டதா? 2016 இல் நாடு முழுவதும் எடுத்த குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் வளராதோர் இலங்கை முழுவதிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர்; தோட்டப்புறத்திலோ ஏறத்தாழ 32 பேர். உணவு ஒன்றே இதற்குக் காரணமன்று. தாயின் உடல்நலம், தூய நீர், நெருக்கமான வசிப்பிடம் ஆகிய யாவும் இதில் அடங்கும். என்றாலும், பச்சை மரக்கறி விளையும் மலையிலேயே பிள்ளைகள் வளர்ச்சி குன்றுவது எவரையும் சிந்திக்க வைக்கவேண்டும்.

அம்மையார் சமைத்த விருந்து

அன்று எங்களைப் போகவிடவில்லை. "காலையில நீங்க கேட்டதைக் குடுத்தேன். மத்தியானம் நான் குடுக்க நெனைச்சதைத் தின்னுட்டுப் போங்க" என்றார் அம்மையார். லயத்தின் பின்புறம் நான்கு பாத்தி அளவில் ஒரு சிறு தோட்டம் இருந்தது. அதில் நோக்கோல், போஞ்சி, கீரை. வேலி மேல் மேரக்காய்க் கொடி. தமிழகத்தார் சௌசௌ என்று கூறும் அக்காய்க்கு மலைநாட்டில் அதுவே பெயர். பிள்ளைகள் கூடையோடு போய்ப் பறித்தனர். காயை மட்டுமன்றிக் கொடியின் இளந்தளிரையும் கிள்ளச் சொன்னார். காய் பருப்புடன் கூட்டாயிற்று. தளிர் தேங்காய்ப்பூவுடன் சுண்டலாயிற்று. நெத்தலிக் கருவாட்டைப் புளி கரைத்துக் குழம்பு வைத்தார். எது எத்தனை கொதி கொதிக்கவேண்டும், எந்தக் கீரையை எந்தக் காய்ச்சலுக்குக் கொடுக்கலாம், கருவாட்டின் உப்பை எவ்வாறு குறைப்பது என்று வேலையூடே சொல்லிக்கொண்டே இருந்தார். தம்பியின் மகள் தன் குறிப்பேட்டைத் திறந்து எழுதத் தொடங்கினாள். அவளுக்குத் தமிழ் எழுத்து சற்றுத் தடுமாறும், ஆயினும் விடவில்லை.

ஆவி பறக்கும் சோற்றைப் பரிமாறிவிட்டு, எல்லோரும் உண்டு முடிந்த பின்னரே அவர் உட்கார்ந்தார். விருந்தினரின் மனம் அனிச்ச மலரினும் மெல்லியது என்று கண்டவர் வள்ளுவர். விருந்தளிப்பவரின் மனமும் அத்தகையதே என்பதை அன்று உணர்ந்தேன். காலையில் அவருடைய வாழ்நாள் கட்டாயத்தைக் 'கொடுத்துவைத்தது' என்று பிள்ளை சொன்னபோது அவர் வாடவில்லை. தம் விருப்பத்தைக் கேட்டதற்காக ஒரு விருந்தே சமைத்துவிட்டார். ரொட்டி அம்மலையின் வரலாறு. இந்தச் சோறும் குழம்பும் தளிர்ச்சுண்டலும் அம்மலையின் விருப்பம். இரண்டையும் அறியாதவர் அவ்வூரின் உணவை அறிந்தவராகார்.

எழுதிவைக்கவேண்டியவை

இத்தாலி ஒரே நாடாக இணைந்தது 1861 இல். முப்பது ஆண்டுகள் கழித்து, 1891 இல், பெல்லெக்ரீனோ ஆர்தூசி என்னும் வணிகர் வீட்டுச் சமையல்களைத் தொகுத்து ஒரு நூல் எழுதினார். பதிப்பாளர் எவரும் முன்வராமையால் தம் பொருளிலேயே அச்சிட்டார். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வாசகர்கள் தத்தம் வீட்டுப் பக்குவங்களை அவருக்கு எழுதி அனுப்பினர். முதற்பதிப்பில் 475 ஆக இருந்த குறிப்புகள் அவர் மறைந்த 1911 ஆம் ஆண்டில் 790 ஆகப் பெருகியிருந்தன. இத்தாலிய உணவு இன்று உலகெங்கும் பெற்றுள்ள மதிப்புக்கு அந்த ஏட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

நம் மலைநாட்டிலும் தொகுப்போர் இல்லாமற் போகவில்லை. தோட்டத்திலே பிறந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தம் மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவர் தொகுக்காதிருந்தால் அவற்றுள் பல பாடியவரோடே மறைந்திருக்கும். பாட்டுக்குக் கிடைத்த அந்தப் பேறு அடுப்புக்கு இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை. கவாத்துக் காலத்தில் என்ன உண்டனர், தீபாவளி முற்பணத்தில் எந்தப் பலகாரம் சுட்டனர், பிள்ளை பெற்றவளுக்கு என்ன கொடுத்தனர், தட்டுப்பாட்டு நாட்களில் எந்தக் கிழங்கையும் கீரையையும் தேடிப் போயினர் என்பவற்றை அறிந்த முதியோர் இன்றும் இருக்கின்றனர். மலைநாட்டுப் பாடசாலை ஒவ்வொன்றிலும் ஆசிரியர் ஒருவர் மாணவர் பத்துப் பேரிடம், "உங்கள் பாட்டியிடம் ஒரு சமையலைக் கேட்டு எழுதி வாருங்கள், அதை ஏன் சமைத்தார் என்பதையும் கேளுங்கள்" என்று சொன்னால் போதும். 'எப்படி' என்பதனுடன் 'ஏன்' என்பதும் சேர்ந்தால் சமையற் குறிப்பு சரித்திரமாகிவிடும். வடக்கிலும் கிழக்கிலும் இருப்போர் அதைப் படிக்கவேண்டும். என்னைப் போன்றோர் முதலில் படிக்கவேண்டும்.

மாலையில் அட்டன் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தோம். மழை விட்டிருந்தது. அம்மையார் வாழையிலையில் சுற்றிக் கொடுத்த பொதி தம்பியின் மகள் மடியில் இருந்தது. அதற்குள் ரொட்டிகள். "வழியில பசிச்சாத் தின்னுங்க" என்று கொடுத்திருந்தார். வண்டி நாவலப்பிட்டி தாண்டிய பின் அதை அவிழ்த்துப் பகிர்ந்தோம். சுவை குறையவில்லை. ஆனால் காலையில் போல எவரும் கூவவில்லை.

2022 இல் பொருளாதார நெருக்கடி நாட்டைப் பிடித்தபோது கோதுமை மாவின் விலை பல மடங்கு ஏறியது. நண்பரோடு தொலைபேசியில் பேசினேன். "அம்மா எப்படி இருக்கிறார்?" என்றேன். "நன்றாக இருக்கிறார். 'ரொட்டி அலுத்துப்போச்சுன்னு சொன்னேனே, இப்ப அதையும் எண்ணிச் சுட வேண்டியதாயிருச்சே' என்று சிரிக்கிறார்" என்றார் அவர்.

அச்செய்தியைத் தம்பிக்கும் தெரிவித்தேன். சில நாட்களில் அவன் மகளிடமிருந்து கடிதம் வந்தது. குறிப்பேட்டைப் பார்த்துப் பலேர்மோவில் ரொட்டி சுட்டாளாம். அம்மி இல்லாததால் சம்பல் சரிவரவில்லையாம். மேரக்காய் அங்கும் சந்தையில் கிடைக்கிறதாம். கடிதத்தின் கடைசி வரியில் எழுத்துப் பிழையோடு ஒரு கேள்வி இருந்தது: 'ஆச்சிக்கு இப்போதாவது மத்தியானம் சோறு கிடைக்கிறதா, பெரியப்பா?'

நுவரெலியாவில் அவள் கேட்ட முதற் கேள்விக்கு விடை தேட எனக்கு ஒரு பகல் போதுமாயிருந்தது. இந்தக் கேள்விக்கு விடை சொல்லவேண்டியவன் நான் ஒருவன் மட்டும் அல்லன்.